வயிற்று வலி என்று எழுதிக் கடந்தோம்

தமிழ்ச் செய்தித்தாள் வாசித்து வளர்ந்த எவருக்கும் அந்தச் செய்தி பழக்கமானது. உள்பக்கத்தில் ஏதோ ஒரு மூலையில் நாலைந்து வரி. ஊர்ப்பெயர், வயது, பிறகு "தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர் மனமுடைந்து" என்று ஒரு வாக்கியம், கடைசியில் "போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்." திருநெல்வேலிப் பதிப்பிலும் வரும், தஞ்சாவூர்ப் பதிப்பிலும் வரும். அப்பா தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பங்களைச் சேர்ந்த நாமும், நேற்று விமானத்தில் வந்திறங்கியவர்களும், சிங்கப்பூரின் கிளமெண்டியில் உட்கார்ந்து கைப்பேசியில் அதையே இன்றும் வாசிக்கிறோம்.

வாசித்துவிட்டு என்ன செய்தோம்? உதட்டைப் பிதுக்கினோம். "வயித்து வலியாம்ல!" நம் பெரியவர்களுக்கு அந்த வாக்கியத்தின் உள்ளர்த்தம் வேறு. காதல் விவகாரம், வரதட்சணை, கடன். குடும்ப மானம் போகாமலிருக்க ஸ்டேஷனில் சொல்லி எழுதவைத்த காரணம் அது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரம் அவர்கள் கணக்கு சரியாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பழக்கத்தில் இரண்டு குற்றங்களை ஒன்றாகச் செய்திருக்கிறோம். காரணம் பொய்யாக எழுதப்பட்டபோது, தெரிந்தே அதை விட்டுவிட்டோம். உண்மையாகவே வயிற்றால் வதைபட்டவரின் செய்தியையும் அதே நமட்டுச் சிரிப்போடு புரட்டினோம். ஒரு குடல் நோய் ஒரு மனிதரை உயிரே வேண்டாம் என்னும் இடத்துக்குக் கொண்டுபோகும் என்பதை நாம் நம்பவில்லை.

இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். காரணங்களில் குடும்பப் பிரச்சினை முதலிடம். அடுத்தது நோய், 18.4 விழுக்காடு. அந்த நோயைப் பிரித்துக் காட்டும் அட்டவணையில் எய்ட்ஸுக்கு ஒரு வரி, புற்றுநோய்க்கு ஒரு வரி, பக்கவாதத்துக்கும் மனநோய்க்கும் ஒவ்வொரு வரி. மிச்சமெல்லாம் 'மற்ற நீண்டகால நோய்கள்.' குடல் அதற்குள்தான் எங்கோ கிடக்கிறது. ஒரு தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்வதே தவறு, அதிலும் காவல் நிலையத்தில் எழுதப்படும் காரணத்தை வைத்து எதையும் அளக்க முடியாது என்பதெல்லாம் சரி. இருந்தாலும் அந்தக் கடைசி வரிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் ஆர்வம் நமக்கு ஒரு நாளும் வரவில்லை. மருத்துவப் பத்தி எழுதும் நமக்கும் வரவில்லை, கோயில் மண்டபத்தில் சுகாதார முகாம் நடத்தும் நமக்கும் வரவில்லை.

நான் பேசுவது குடல் அழற்சி நோய்களான குரோன்ஸ் பற்றியும், பெருங்குடலில் புண் வைக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பற்றியும். முதலாவதை 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் பர்ரில் குரோனும் அவருடைய இரண்டு சகாக்களும் விவரித்தார்கள். அது வாய் தொடங்கி ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும். இரண்டாவது பெருங்குடலோடு நிற்கும். இரண்டிலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும், ரத்தம் போகும், வலி, காய்ச்சல், எடை இறங்கும், எழுந்து நிற்க முடியாத அசதி. மருந்தில் அடங்கும், மாதக்கணக்கில் நன்றாக இருப்பார்கள், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிவரும். அடக்கி வைக்க மருந்து உண்டு. அடியோடு போக்க இன்னும் இல்லை.

இது வெள்ளைக்காரன் வியாதி என்று நெடுநாள் நினைத்திருந்தோம். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இங்குள்ள சீனர்களையும் மலாய்க்காரர்களையும்விட இந்தியர்களிடம் இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று காட்டியது. மலேசியாவிலும் இதே சாயல். கனடாவின் ஒண்டாரியோவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, அங்கேயே பிறந்த தெற்காசியக் குழந்தைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றக் கனடியக் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட சமமாகிவிட்டது தெரிந்தது. அதாவது கடல் தாண்டி வந்து பிள்ளை பெற்ற நம்மைப் போன்றவர்களின் வீட்டுக் கதை இது. சிங்கப்பூர் ஆய்வோ கால் நூற்றாண்டுக்கு முன்பே அச்சில் வந்த செய்தி. நீரிழிவு இந்தியர்களுக்கு அதிகம் என்பதை நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லும். குடல் அழற்சியும் அப்படித்தான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாததால் நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். "காரம் ஜாஸ்தி சாப்பிட்டா இப்படித்தான்." "உடம்பு சூடு, மோர் குடி." "ஹாக்கர் சென்டர் சாப்பாட்டைக் கொறைச்சுக்கோ தம்பி." அக்கறையில் சொன்னதுதான். காரத்தால் இந்த நோய் வருவதில்லை. மரபணு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சுற்றுச்சூழல், எதிர்ப்புச் சக்தி எல்லாம் கலந்த கோளாறு. ஆனால் நம் அறிவுரை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தீர்ப்பு இருந்தது, இதை நீயே வரவழைத்துக்கொண்டாய் என்று. படுக்கையில் கிடக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு அது தெளிவாகவே கேட்டது.

வயதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்நோய் பெரும்பாலும் பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் முகம் காட்டும். சிங்கப்பூரில் 10 முதல் 29 வயதுக்கு உட்பட்டவர்களின் மரணங்களுக்கு முதன்மைக் காரணம் தற்கொலை. 2022இல் நாடு முழுவதும் 476 பேர் அப்படி இறந்தார்கள், இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத எண்ணிக்கை. ஒரே வயது வரம்பின்மேல் இரண்டும் வந்து விழுகின்றன. நாமோ குடல் என்றதும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களை மட்டும் நினைக்கிறோம். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் ஐம்பது வயதானவர்களுக்கு இலவசமாகத் தரும் மலப் பரிசோதனைப் பெட்டியைப் பற்றி ஆன்டிகள் புளோக் கீழே நின்று சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள், நல்லது. மேல் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் பாலிடெக்னிக் மாணவரிடம் அந்தச் சிரிப்பு போய்ச் சேருவதில்லை.

மனநிலையைப் பற்றிய கணக்குகள் தெளிவாகவே இருக்கின்றன. உலகெங்கும் நடந்த 77 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஆய்வின்படி குடல் அழற்சி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகள், நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். நோய் சீறியிருக்கும் காலத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பதற்றம், ஏறக்குறைய 39 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு. ஸ்வீடனில் சிறு வயதிலேயே இந்நோய் வந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மனநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாகவும், தற்கொலைக்கு முயலும் ஆபத்து சுமார் 1.4 மடங்காகவும் இருந்தது. சொந்த அண்ணன் தம்பி அக்கா தங்கைகளோடு ஒப்பிட்டும் அவர்கள் பார்த்தார்கள். வீட்டுச் சூழல்தான் காரணம் என்று தள்ளிவிட முடியவில்லை. இந்நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த எல்லைக்குப் போவதே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போகக்கூடியவர்களை முன்கூட்டியே கவனிக்க வேண்டும் என்பதால்தான் இந்தக் கணக்குகள் நமக்குத் தேவைப்படுகின்றன.

ஏன் இப்படி? அழற்சி மூளையையும் தொடுகிறது, ரத்தசோகை ஆளைச் சாய்க்கிறது, தூக்கம் கெடுகிறது. மனம் சோர்ந்தால் குடல் மறுபடி சீறும் வாய்ப்பும் கூடுகிறது. இது இரண்டு பக்கமும் ஓடும் பாதை. இதையெல்லாம் மருத்துவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அவர்கள் அதிகம் சொல்லாத ஒன்றை, எம்ஆர்டி ரயிலில் நடப்பதை, சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை, தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்கப் போவது நமக்கு ஒரு பொருட்டில்லை. கிளமெண்டியில் ஏறினால் டோவர், புவன விஸ்தா, காமன்வெல்த், குவீன்ஸ்டவுன், ரெட்ஹில், தியோங் பாரு, ஊட்ரம் பார்க். அங்கே இறங்கி வடகிழக்குப் பாதைக்கு மாறினால் சைனாடவுன், கிளார்க் கீ, டோபி காட், லிட்டில் இந்தியா. நோய் சீறியிருப்பவருக்கு இந்தப் பதினொரு நிலையங்களும் பதினொரு கழிவறைகள். எது கட்டண வாயிலுக்கு உள்ளே, எது வெளியே, எதற்கு மின்படி ஏற வேண்டும், எங்கே வரிசை நிற்கும் என்று மனத்துக்குள் ஒரு படம் வைத்திருப்பார். ரயிலில் கழிவறை கிடையாது. கதவு மூடி அடுத்த நிலையத்தில் திறப்பதற்குள் இருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களை, நெற்றி வியர்க்க, கம்பியைப் பிடித்தபடி எண்ணுவார். காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார், சாப்பிட்டால் வந்துவிடும். முதுகுப்பையில் மாற்று உடையும் ஈரத்துடைப்பானும் இருக்கும். ஒரு முறை ரயிலிலோ கடையிலோ அடக்க முடியாமல் போனால் அந்த நினைவு எந்த மருந்துக்கும் அடங்காது. பிறகு தேக்கா போவது நிற்கும், நண்பர்களோடு சினிமா நிற்கும், வகுப்பு நிற்கும். "என்ன, இப்பல்லாம் ஆளையே காணோம், பெரிய ஆளாயிட்டியா?" என்று நாம் லிஃப்டில் கேட்போம். அவர் சிரிப்பார்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கழிவறையைப் பற்றி உலகத்தைப் பேசவைத்ததே இந்த ஊர்தான். 2001இல் இங்கே ஜாக் சிம் உலகக் கழிவறை அமைப்பைத் தொடங்கினார். 2013இல் சிங்கப்பூர் முன்வைத்து, 122 நாடுகள் சேர்ந்து ஆதரித்த தீர்மானத்தால் ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 19ஐ உலகக் கழிவறை நாளாக ஏற்றது. காப்பிக்கடைக் கழிவறைகளின் சுத்தத்துக்கு மதிப்பெண் போடும் ஊர் இது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், கடையில் அனுமதி மறுக்கப்பட்ட குரோன்ஸ் நோயாளிப் பதின்வயதுப் பெண் ஒருவரின் முயற்சியால், இத்தகைய நோயுள்ளவர்களுக்குக் கடை ஊழியர்களின் கழிவறையைத் திறந்துவிட வேண்டும் என்று 2005இல் சட்டமே வந்தது. தேக்காவில் கடை வைத்திருக்கும் நாம், அவசரம் என்று முகம் வெளிறி வந்து நிற்பவரிடம் "ஸ்டாஃப் மட்டும்தான்" என்று எழுதி ஒட்டிய தாளைக் காட்டியிருக்கிறோம். கதவைத் திறந்துவிட நமக்குச் சட்டம் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

அடுத்து கல்யாண மண்டபம். இந்த இடத்தில் நாம் செய்ததை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

நோய் சீறும்போது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். வேகமாக வேலை செய்யும். கூடவே தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கிளப்பும், முகத்தை உருண்டையாக்கும். மனத்தையும் குலைக்கும், காரணமில்லாத படபடப்பு, எரிச்சல், அழுகை, சிலருக்கு அதைவிடத் தீவிரமான குழப்பம். அளவு கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும் என்பது 1970களிலேயே பதிவானது. இப்போது காட்சியைப் பாருங்கள். போன வருடக் கல்யாணத்தில் இந்நோயுள்ள ஒரு பெண் ஒன்பது கிலோ இளைத்து வந்திருந்தாள். "டயட்டா? ரொம்ப எளச்சுட்டியேம்மா, பாக்கவே நல்லால்ல" என்றோம். இந்த வருடம் ஸ்டீராய்டில் கன்னம் உப்பி, மூன்று இரவாகத் தூங்காமல், புடவைக்குள் வயிறு பிசைய வந்து நிற்கிறாள். "இப்பதான் மூஞ்சி தெளிஞ்சிருக்கு! நல்லா தேறிட்ட! என்ன விசேஷம்?" என்று கன்னத்தைக் கிள்ளினோம். அவள் அம்மா பக்கத்தில் நின்று "ஆமா ஆமா, இப்ப நல்லாயிட்டா" என்று அவசரமாகச் சொன்னாள். பந்தியில் இலையைத் தடவிக்கொண்டிருந்தவளிடம் "வச்சுச் சாப்பிடும்மா" என்று இன்னொரு கரண்டி ஊற்றினோம். அவள் கழிவறைக்குப் போய் நெடுநேரம் வரவில்லை. யாரும் தேடவில்லை.

அந்த அம்மா ஏன் அவசரப்பட்டாள் என்று நமக்குத் தெரியும். பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். நோயின் பெயர் வெளியே போனால் ஜாதகம் திரும்பி வந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்? மாப்பிள்ளை வீடாக இருந்தபோது, "பொண்ணுக்கு வயித்துல என்னமோ கோளாறாம்" என்று காதோடு காதாகச் சொன்னது நாம்தான். இவர்களில் மிகப் பெரும்பாலோர் திருமணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள் என்பதை விசாரிக்காமலே பேசினோம். மறைக்கும் கட்டாயத்திலிருந்து படிப்பும் பதவியும் காப்பாற்றுவதில்லை என்பதற்கு ஜப்பானின் ஷின்ஸோ அபே ஒரு சாட்சி. 2007இல் பிரதமர் பதவியைவிட்டுத் திடீரென விலகியபோது பின்னாலிருந்த நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. அது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று பின்னர்தான் வெளிப்படையாகச் சொன்னார். 2020இல் அதே நோயால் மறுபடி விலகினார்.

சிலருக்கு அறுவைச் சிகிச்சை நடக்கிறது. குடலின் முனையை வயிற்றுத் தோலில் ஒரு துளை வழியாக வெளியே எடுத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டுவார்கள். மலம் அதில் சேரும். பலருக்கு அது வலியிலிருந்து விடுதலை, வாழ்க்கையைத் திருப்பித் தந்த பை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் சாமி அறை வாசலில் ஒரு தயக்கம் தொடங்குகிறது. விளக்கேற்றலாமா? கோயிலுக்குள் போகலாமா? தைப்பூசத்தன்று ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம் எடுத்து நடக்கலாமா? வெளியிலிருந்து யாரும் தடுப்பதில்லை. நம் வாயில் எப்போதும் இருந்த சுத்தம், தீட்டு என்ற பேச்சு அந்தப் பிள்ளையின் காதில் இருபது வருடம் விழுந்திருக்கிறது, அது போதும். எந்தக் கோயில் அறிவிப்பிலும், எந்தச் சொற்பொழிவிலும், "பை வைத்திருப்பவர்களும் தாராளமாக வரலாம்" என்று ஒரு வரி நாம் சொன்னதில்லை. மேடையில் அதைச் சொல்ல நமக்கே கூச்சம்.

எழுதுகிறவர்களான நம் பங்கையும் சொல்லியாக வேண்டும். இதய நோயைப் பற்றிக் கதை எழுதினோம், புற்றுநோயில் கதாநாயகியை உருகி உருகிச் சாகடித்தோம். மலம் வருகிற நோயைத் தொடவில்லை. பத்திரிகைகளில் 'வயிற்றுக் கோளாறா? பாட்டி வைத்தியம்' என்று பக்கம் நிரப்பினோம். அதைப் படித்துவிட்டு மருந்தைச் சட்டென நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். நாள்பட உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்ற எச்சரிக்கை அந்தப் பக்கங்களில் இருந்ததில்லை. தற்கொலைச் செய்தியை எழுதும்போது ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள், உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள் என உலகச் சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாம் "தீராத வயிற்று வலி" என்ற அச்சுக்கட்டையை இன்னும் தூக்கிப் போடவில்லை.

தோ குவானிலும் பெஞ்சுருவிலும் விடுதிகளில் இருக்கும் நம் ஊழியர்களைப் பற்றி எழுதாமல் கிளமெண்டிக்காரர் இதை முடிக்க முடியாது. தினமும் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் லாரியின் பின்னால் அமர்ந்து நம்மைத் தாண்டிப் போகிறவர்கள். அவர்களில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் அந்த லாரிப் பயணம் என்னவாக இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். டோவரில் இறங்கும் வசதி அங்கே இல்லை. கட்டுமான இடத்தில் பலருக்கும் பொதுவாகச் சில கழிவறைகள். அடிக்கடி போனால் மேற்பார்வையாளர் முறைப்பார், மருத்துவ விடுப்புக்கு எம்சி கேட்டால் "ஓபி அடிக்கிறான்" என்ற பெயர். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் ஏஜென்டுக்குக் கட்டிய கடன் நிற்கும். ஆகவே சொல்ல மாட்டார். சொன்னாலும் நோயைக் கண்டுபிடிப்பது எளிதில்லை. குடல் காசநோயும் குரோன்ஸும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறியும் வழி தேடி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1999இலிருந்தே எழுதிவருகிறார்கள். இந்தியாவில் மாதக்கணக்கில் காசநோய் மருந்து சாப்பிட்டுப் பலனில்லாமல், பிறகு குரோன்ஸ் என்று தெரிந்துகொள்கிறவர்கள் பலர். அந்த மாதங்களில் மனம் என்ன பாடுபடும் என்பதை எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை. கொவிட் காலத்தில் விடுதிகளில் நடந்தவற்றுக்குப் பிறகு, மனிதவள அமைச்சு 2020 நவம்பரில் மனநலக் கழகம், ஹெல்த்சர்வ் தொண்டு நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து வெளிநாட்டு ஊழியர் மனநலத்துக்கென ஒரு திட்டம் தொடங்கியது. அதற்கு முன் நாம் தீபாவளிக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். இப்போதும் பிரியாணிதான் அதிகம்.

மௌனத்துக்குச் சட்டமும் ஒரு சாக்காக இருந்தது. தற்கொலைக்கு முயல்வது சிங்கப்பூரில் 2019 முடியும்வரை குற்றம், ஓராண்டுச் சிறைகூட விதிக்கலாம். 2020 ஜனவரி 1இலிருந்து அந்தப் பிரிவு இல்லை. ஆனால் "சொன்னா போலீஸ் வரும்" என்ற பயம் நம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. சட்டம் மாறியதை நாம் யாரும் போய்ச் சொல்லவில்லை. மனச்சோர்வுச் சிகிச்சைக்கு 2009இலிருந்தே மெடிசேவ் மருத்துவச் சேமிப்புப் பணத்தைப் பயன்படுத்தலாம், பிறகு பதற்ற நோயையும் சேர்த்தார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கிளமெண்டி அவென்யூ 3இல் இருக்கும் பலதுறை மருந்தகத்தில் மெடிசேவைக் கழித்துக்கொள்ளும் நாம் இதைக் கவனிக்கவேயில்லை.

மருத்துவமனையில் குடல் சிறப்பு மருத்துவர் ரத்தம் போகிறதா, எத்தனை தடவை போகிறது, எடை என்ன என்று கேட்பார். நேரம் குறைவு, வரிசை நீளம். தூக்கம் எப்படி, மனசு எப்படி என்பதற்கு இடம் வராமல் போகலாம். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு மனச்சோர்வுப் படிவம் இருக்கிறது, 2001இலிருந்து உலகமெங்கும் புழங்குவது, தமிழிலும் உண்டு. காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போயிருந்தால் நன்றாக இருக்கும் என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரங்களில் தோன்றியதா என்பது. துணைக்குப் போகும் அம்மாவும் அண்ணனும் இதைக் கேட்டுப் பெறலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் "டாக்டர், ராத்திரியெல்லாம் தூங்குறதில்ல, யார்கிட்டயும் பேசுறதில்ல, எனக்குப் பயமா இருக்கு" என்று நாமே சொல்லலாம். மலத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்பட்டு அறைக்கு வெளியே நின்றவர்கள் நாம், அதனால் மனத்தைப் பற்றிப் பேசும் நேரத்திலும் வெளியேதான் நின்றோம்.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற அச்சம் பரவலானது. அப்படி ஆவதில்லை, நேராகக் கேட்பது பலருக்குப் பாரம் இறங்கிய உணர்வையே தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. "மனசைத் தளர விடாதே", "முருகன் பாத்துப்பான்", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்" என்ற மூன்றும் பேச்சை மூடுகிற வாக்கியங்கள். இவற்றில் நாம் கைதேர்ந்தவர்கள். "இந்த நோயோட வாழவே பிடிக்கலைன்னு தோணுதா?" என்று கேட்கப் பழகவில்லை. கவனிக்க வேண்டிய தருணங்கள் புதிராக ஒன்றும் இல்லை: நோய் முதலில் உறுதியான சில மாதங்கள், ஸ்டீராய்டு அளவை ஏற்றும் இறக்கும் வாரங்கள், அறுவைக்கு நாள் குறித்த பிறகும் பையோடு வீடு திரும்பிய பிறகும், வேலை போனபோது, வரன் தட்டிப்போனபோது. அந்த நாள்களில் ஒரு முறை வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போவது போதாது.

பதில் "ஆமா" என்று வந்தால் பதறாமல், புத்திமதி சொல்லாமல், கூடவே இருக்க வேண்டும். தனியாக விடக் கூடாது. சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767, தேசிய மனநல உதவித் தொலைபேசி 1771, இரண்டும் 24 மணி நேரமும். தமிழ்நாட்டில் இருக்கும் உறவினருக்கு டெலி மானஸ் 14416, சென்னையில் 1986இலிருந்து இயங்கும் ஸ்நேகாவின் 044-24640050. சிங்கப்பூரில் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும், ஆனால் கிளமெண்டியிலிருந்து அது ஊரின் மறுகோடியில். அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. நம் பகுதிக்காரர் பலருக்குக் குடல் சிகிச்சை நடப்பதும் அங்கேதான். மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போய், உள்ளே நுழைந்ததும் குடல், மனம் இரண்டையும் சேர்த்தே சொல்லலாம்.